தைராய்டு புற்றுநோய்: ஆபரேஷன் முடிந்து பத்து, இருபது வருடம் ஆனவர்கள் எப்படி இருக்கிறீர்கள்?

செல்லூர் தறிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரிக்கு 34 வயது. பாப்பிலரி கார்சினோமா, தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை. கட்டி 2.4 சென்டிமீட்டர், கழுத்தில் எடுத்த நெறிகளில் (நிணநீர்க் கணுக்கள்) நாலில் பரவியிருந்தது. மதுரையிலேயே தைராய்டை முழுசாக எடுத்துவிட்டு 100 மில்லிகியூரி கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். இப்போது மூன்றாவது வருடம். கடைசி ரிப்போர்ட்டில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல் சுரக்கும் புரதம்) 0.2க்குக் கீழே, ஆன்டிபாடி இல்லை, கழுத்து ஸ்கேன் சுத்தம். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.06.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் "நல்லா இருக்காங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பதற்கு மேல் பேச நேரமில்லை. வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெட்டில் தேடினால் எல்லா இடத்திலும் ஐந்து வருடக் கணக்குதான். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 98, 99 பேர் இருக்கிறார்களாம். சந்தோஷம். அவளுக்கு 36, 37 வயதில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. 60 வயதில்?

அப்புறம் இன்னும் சில சந்தேகம். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். மாமியார் வேறு, "நோய்தான் போயிருச்சே, எதுக்கு இன்னும் மாத்திரை" என்று தினம் ஒரு பாட்டு. பழைய ஆட்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மேலூர் அக்கா

தம்பி, எனக்கு 2003ல் ஆபரேஷன். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. எனக்கும் பாப்பிலரிதான், எனக்கும் நெறியில் இருந்தது. கேட்டதற்கு முதல் பதில்: இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன்.

ஆனால் உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என்னைப் படுத்தியது புற்றுநோய் இல்லை, கால்சியம். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நாலு சின்னச் சுரப்பி இருக்கும், பாராதைராய்டு. பருப்பு அளவுதான் இருக்கும். நெறி எடுக்கும்போது அதுவும் போய்விட்டது, அல்லது அதற்குப் போகும் ரத்தம் போய்விட்டது. அன்றிலிருந்து கால்சியமும், கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மாத்திரையும்தான்.

சத்துணவுக் கூடத்தில் வேலை எனக்கு. ஒரு தடவை வயிற்றுப்போக்கு. போட்ட மாத்திரை எதுவும் உடம்பில் நிற்கவில்லை. மறுநாள் முட்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் உதட்டைச் சுற்றி மதமதப்பு. அப்புறம் விரல் நுனி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்துவிட்டன. பிரிக்க முடியவில்லை. உரித்த முட்டை கையை விட்டு உருண்டு போகிறது, ஆயாம்மா "சாமி வந்துருச்சா" என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றியதும்தான் விரல் விட்டது.

அதனால் உங்கள் வீட்டம்மாவுக்குக் கால்சியம் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் பாதிக் கவலை இல்லை. என்னைப் போல வாழ்நாள் கேஸ் என்றால், கூடுதலாகவும் போடக் கூடாது. ரத்தத்தில் கால்சியத்தைச் சாதாரண அளவின் கீழ்விளிம்பில் வைத்தால் போதும் என்கிறார்கள். எனக்கு ஆர்வக்கோளாறில் ஒருவர் ஏற்றிவிட்டு, கிட்னியில் கல் வந்து அது தனிக் கதை.

தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நாலு மணி நேரம் தள்ளி. விடிகாலை தைராய்டு மாத்திரை, அரை மணியாவது கழித்துக் காபி. காபிக்காகத்தான் எனக்கு விடியவே விடியும், அதையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஊர்க்குருவி

எல்லாரும் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. இந்த நோயில் பாதி ஸ்கேன் மெஷின் உண்டாக்கியது. தென்கொரியாவில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். உடல் பரிசோதனையோடு கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் என்று சேர்த்தார்கள். 2011ல் தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 1993ல் இருந்ததைப் போல 15 மடங்கு. செத்தவர்கள் எண்ணிக்கை? அப்படியே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் கண்டுபிடித்து, அறுத்து, ஆயுசுக்கும் மாத்திரை போட வைத்த அத்தனை பேருக்கும் என்ன லாபம்?

இங்கேயும் அதுதான் நடக்கிறது. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் முழு உடல் பேக்கேஜ் போர்டு. என் சித்தப்பாவுக்கு முதுகுவலிக்குப் போன இடத்தில் கழுத்தில் 6 மில்லிமீட்டர் கட்டி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

செல்லூர் தறிக்காரன்

அண்ணே, இவளுக்குக் கட்டி கண்ணுக்கே தெரிந்தது. தாலிக்கொடி மாட்டும்போது அவள் அம்மாதான் தொட்டுப் பார்த்துச் சொன்னது. பேக்கேஜ் எல்லாம் இல்லை.

ராத்திரி டூட்டி

மதுரையில் அறுவை சிகிச்சை மேற்படிப்பு படிக்கிறேன். கேஸ் பார்க்காமல் யாருக்கும் டோஸ் சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

ஊர்க்குருவி அண்ணன் சொன்ன கொரியாக் கணக்கு உண்மை. அதை டாக்டர்களே எழுதிச் சண்டை போட்டு, அங்கே ஆபரேஷன் எண்ணிக்கையும் குறைந்தது. ஜப்பானில் கோபே நகரத்து கூமா ஆஸ்பத்திரியில் 1993லிருந்தே ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை வெட்டாமல் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். 1,235 பேரைப் பின்தொடர்ந்ததில் பத்து வருடத்தில் கட்டி வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு. நெறிக்குப் போனது நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. வளர்ந்த பிறகு வெட்டியவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆகவே உங்கள் சித்தப்பாவின் 6 மில்லிமீட்டர், குரல் நரம்பையோ மூச்சுக்குழாயையோ ஒட்டி இல்லை, நெறியும் இல்லை என்றால், பார்த்துக்கொண்டு இருப்பது ஒரு நியாயமான வழி. அவர் வயது கூடக்கூட அது வளரும் வாய்ப்பும் குறைவு.

ஆனால் செல்லூர் அண்ணனின் மனைவிக்கு 2.4 சென்டிமீட்டர், நாலு நெறி. இது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இருபது முப்பது வருடத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் மாசஃபெரி என்ற டாக்டரின் குழு 1,355 பேரைப் பின்தொடர்ந்து 1994ல் வெளியிட்டது. முப்பது வருடத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கு நோய் திரும்பியது. அதனாலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். திரும்பியதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் பத்து வருடத்துக்குள். இந்த 30ஐப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அதில் பழைய காலத்து நோயாளிகள், எல்லா நிலைகளும் கலந்தவர்கள். இன்றைய ஸ்கேனும் தைரோகுளோபுலின் டெஸ்ட்டும் அப்போது பலருக்குக் கிடையாது.

இப்போது நாங்கள் கணக்குப் போடும் விதமே மாறிவிட்டது. ஆபரேஷன் அன்று எழுதிய ஆபத்து நிலையோடு நிற்பதில்லை. சிகிச்சைக்கு உடம்பு எப்படிப் பதில் சொன்னது என்று ஒன்றிரண்டு வருடம் கழித்துத் திரும்ப எடை போடுகிறோம். தைரோகுளோபுலின் 0.2க்குக் கீழே, ஆன்டிபாடி இல்லை, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அது இருப்பதிலேயே நல்ல பதில். அந்த வரிசையில் இருப்பவர்களுக்குப் பின்னாளில் நோய் திரும்புவது நூற்றுக்கு ஒன்று முதல் நாலு பேருக்குத்தான். உங்கள் மனைவியின் ரிப்போர்ட் அந்த வரிசையில் இருக்கிறது அண்ணே.

இப்போது நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: இவ்வளவு நல்ல பதில் வந்த பிறகும் டி.எஸ்.எச்.சை 0.06ல் வைத்திருக்க வேண்டுமா? டி.எஸ்.எச். மிச்சமிருக்கும் தைராய்டு செல்லைத் தூண்டும் என்பதால் மாத்திரையைக் கூட்டி அதை அமுக்குகிறோம். நோய் உடம்பில் கண்ணுக்குத் தெரிய இருப்பவர்களுக்கு 0.1க்குக் கீழே. தைரோகுளோபுலின் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றால் 0.1 முதல் 0.5. நல்ல பதில் வந்து, ஆபத்தும் குறைவு என்றால் 0.5 முதல் 2 வரை விடலாம். தேவையில்லாமல் வருடக்கணக்கில் அமுக்கி வைத்தால் நெஞ்சு படபடப்பு, வயதானால் இதயத் துடிப்பு தாளம் தப்புவது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வது எல்லாம் வரும். ராத்திரிப் படபடப்பைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுக்கட்டும்.

மாமியாருக்கு: மாத்திரை புற்றுநோய்க்கு மட்டும் இல்லை. தைராய்டே இல்லாதவருக்கு அந்த ஹார்மோன் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நிறுத்தினால் சில வாரத்தில் உடம்பு வீங்கி, மந்தமாகி, ஆள் சுருண்டுவிடுவார்.

மேலூர் அக்கா

டாக்டர் தம்பி சொல்வது சத்தியம். எனக்கு முதல் பத்து வருடம் டி.எஸ்.எச். பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்தார்கள். அப்போது அதுதான் வழக்கம். 50 வயதில் இடுப்பெலும்பு ஸ்கேன் எடுத்தால் தேய்மானம். அப்புறம்தான் டோஸைக் குறைத்தார்கள். குறைத்து இத்தனை வருடம் ஆகிறது, நோய் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.

சிவப்பு மை

லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட்டைப் பற்றி நாலு வார்த்தை. கோரிப்பாளையத்தில் உட்கார்ந்து தினமும் இதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு தடவை ஒரு லேப், அடுத்த தடவை தள்ளுபடி கிடைத்த லேப் என்று மாறாதீர்கள். தைரோகுளோபுலினை ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு விதமாக அளக்கும். ஒரே ரத்தத்தை இரண்டு இடத்தில் கொடுத்தால் இரண்டு எண் வரும். இங்கே 0.3, அங்கே 0.6 என்றால் நோய் இரண்டு மடங்கானதாக அர்த்தம் இல்லை. வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரே லேப், ஒரே முறை, வரிசையாக எண்கள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஆன்டிபாடி. தைரோகுளோபுலினோடு இதையும் சேர்த்து எழுதாத சீட்டு வந்தால் நானே திரும்பிக் கேட்பேன். தைராய்டு புற்றுநோய்க்காரர்களில் நாலு ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த ஆன்டிபாடி இருக்கும். இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைத்துக் காட்டும். "0.1தான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்போம், உள்ளே வேறு நடக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபாடி எண்ணையே வருடா வருடம் பார்ப்பார்கள். அது இறங்கிக்கொண்டே வந்தால் நல்லது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எங்கள் மெஷின்கள் பலவற்றில் டெஸ்ட் வேலை செய்வதே பயோட்டினை வைத்துத்தான். அதைப் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுத்தால் டி.எஸ்.எச்.சும் தைரோகுளோபுலினும் குறைவாக வரும். இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்திவிட்டு வாருங்கள். தயவுசெய்து ஊசி போடும்போது சொல்லாதீர்கள், அதற்கு முன்னாடி சொல்லுங்கள்.

உசிலம்பட்டி வாத்தியார்

இழையை முதலிலிருந்து படித்தேன். நல்ல செய்தியாகவே வருகிறது, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் இதைத் தேடி வருபவர்களில் என் குடும்பத்தைப் போல ஒன்று இருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு மெடுல்லரி. தைராய்டு புற்றுநோயில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் இது. வருவதும் வேறு செல்லிலிருந்து. அந்த செல் அயோடினை உறிஞ்சாது. எனவே அயோடின் சிகிச்சை பயனில்லை. தைரோகுளோபுலினும் இதில் பேசாது, கால்சிடோனின், சி.இ.ஏ. என்ற இரண்டு டெஸ்ட். "தைராய்டுதானே, ஒன்றும் ஆகாது" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லச் சொல்ல அப்பாவுக்குக் கோபம்தான் வரும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் கால்சிடோனின் முழுக்க இறங்கவில்லை. அதோடு வாழப் பழகினார். அந்த எண் இரண்டு மடங்காக எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் கணித்தார். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் கவலை. இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தால் நோய் மெதுவாக நகர்கிறது. அப்பாவுக்கு மெதுவாகத்தான் நகர்ந்தது. தோட்டத்துக்குப் போவார், பூப்பறிக்கும் ஆட்களோடு சண்டை போடுவார், கணக்கு எழுதுவார். பல வருடம் அப்படியே ஓடியது. கல்லீரலுக்குப் போன பிறகு வயிற்றுப்போக்கு. இந்த நோயில் அது ஒரு தனிக் கொடுமை, ஹார்மோனால் வருவது. 71 வயதில் காலமானார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். மெடுல்லரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குடும்ப வழி. ரெட் என்ற மரபணுவில் வரும் மாற்றம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா பிழைத்திருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவருக்கு இருந்தது. எனக்கு இல்லை. என் தங்கைக்கு இருந்தது. அவள் கழுத்தில் கட்டியே கிடையாது, ஸ்கேனும் சுத்தம். கால்சிடோனின் மட்டும் லேசாகக் கூடியிருந்தது. தைராய்டை எடுத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு ஆரம்பித்திருந்தது. இப்போது அவளுக்குக் கால்சிடோனின் அளக்கவே முடியாத அளவுக்குக் கீழே. ஆபரேஷனுக்கு முன்னால் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இந்தக் குடும்பங்களில் அதுவும் சேர்ந்து வரும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்து.

பயாப்சி ரிப்போர்ட்டில் மெடுல்லரி என்ற சொல் இருந்தால் மரபணு டெஸ்ட்டை நீங்களே கேளுங்கள். எங்களுக்குச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுக்கும் வழக்கம் வேறு. அத்தை மகன் வீட்டுக்குப் போன் போட்டு "உங்கள் வீட்டிலும் எல்லாரும் டெஸ்ட் எடுங்கள்" என்று சொன்னபோது ஆறு மாதம் பேச்சில்லை. பெண் எடுக்க மாட்டார்கள் என்ற பயம். அப்புறம் அவர்களே வந்தார்கள்.

ராத்திரி டூட்டி

வாத்தியார் சார், இதைவிடத் தெளிவாக நாங்கள் வகுப்பில் கேட்டதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2020லிருந்து ரெட் மரபணுவைக் குறிவைக்கும் செல்பர்கேட்டினிப் மாதிரி மாத்திரைகள் வந்திருக்கின்றன. பரவிய மெடுல்லரியைக்கூட நல்ல காலம் கட்டுப்படுத்துகின்றன. விலைதான் இன்னும் நம் பக்கம் இறங்கி வரவில்லை.

அயோடினுக்குக் கட்டுப்படாத பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைக்கு சோராஃபெனிப் 2013லும், லென்வாட்டினிப் 2015லும் அனுமதி பெற்றன. நோயை நிறுத்தி வைக்கும், துடைத்து எடுக்காது. கை கால் தோல் உரிவது, பிரஷர், வாய்ப்புண் என்று தொல்லை உண்டு. அதனால் கட்டி சும்மா இருக்கும்போதே அவசரப்பட்டு ஆரம்பிப்பதில்லை.

வைகைக்கரை

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எனக்கு 14 வயதில் கண்டுபிடித்தபோதே இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் பரவியிருந்தது. காசநோய் என்று நினைத்து முதலில் அந்த மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் கழுத்து நெறியில் ஊசி போட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா அன்றைக்கே மீனாட்சி கோயிலில் போய் உட்கார்ந்தது, நடை சாத்தும் வரை எழுந்திருக்கவில்லை.

பல சுற்று அயோடின். இப்போது வயது 29. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. சி.டி. எடுத்தால் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வளரவில்லை. தைரோகுளோபுலின் இன்னும் பூஜ்யம் ஆகவில்லை, ஆனால் கடைசி அயோடின் கொடுத்து வருடங்கள் ஆகியும் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. "இனிமேல் அயோடின் வேண்டாம், பார்த்துக்கொண்டு இருப்போம்" என்றார்கள். முதலில் எனக்குக் கோபம். புள்ளி இருக்கிறதே, ஏன் விடுகிறீர்கள் என்று. அப்புறம் அவரே விளக்கினார்: சேரச்சேர அயோடின் நுரையீரலையே தடிக்க வைக்கும், வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பையும் லேசாகக் கூட்டும், அதனால் பயன் குறையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது வாய் வறட்சி. அயோடின் எச்சில் சுரப்பிக்கும் போகும். பொடி தொட்டு இட்லி தொண்டையில் இறங்காது, சாம்பாரை ஊற்றி முக்கினால்தான். பல் சொத்தையும் அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர். அயோடின் எடுத்தவர்கள் பல்லை விட்டுவிடாதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராத்திரி டூட்டி

வைகைக்கரை தம்பி எழுதியது பலருக்கு நம்ப முடியாது, ஆனால் சிறு வயதில் அதுதான் வழக்கமான போக்கு. குழந்தைகளுக்கு நுரையீரல் வரை போயிருந்தாலும் பிழைப்பது மிக அதிகம். முழுக்கக் கரைவதைவிட அப்படியே அடங்கி நிற்பதுதான் கூடுதல். 2018லிருந்து நடைமுறையில் இருக்கும் நிலைப் பட்டியலில், 55 வயதுக்குள் இருப்பவருக்குப் பாப்பிலரியோ ஃபாலிகுலரோ நுரையீரல் வரை போயிருந்தாலும் இரண்டாம் நிலைதான். மற்றப் பெரும்பாலான புற்றுநோய்களில் அதை நாலாம் நிலை என்று எழுதுவோம். 55 தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வயது போகப்போக இந்த நோயின் குணம் மாறும். அனாப்பிளாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அறுபது எழுபது வயதில், நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. அது மாதக் கணக்கில் முடிந்துவிடக்கூடியது. கழுத்தில் பல வருடமாகச் சும்மா இருந்த கட்டி திடீரென்று வாரத்துக்கு வாரம் பெரிதானால், குரல் மாறினால், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஊர்க்குருவி

சரி, ஆபரேஷன் தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். அயோடின் எல்லாருக்கும் ஏன் கொடுக்கிறார்கள்? வைகைக்கரை சொல்லும் வாய் வறட்சியை, தேவையே இல்லாதவர்களுக்கும் இழுத்துவிடுகிறார்களே.

ராத்திரி டூட்டி

நியாயமான கேள்வி. 2012ல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் தனித்தனியாக ஆய்வு செய்து, ஆபத்து குறைந்தவர்களுக்கு 100 மில்லிகியூரி செய்யும் வேலையை 30 மில்லிகியூரியே செய்கிறது என்று காட்டினார்கள். 2022ல் பிரான்சில் 776 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. மூன்று வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரே பலன், நூற்றுக்கு ஏறக்குறைய 96 பேருக்கு நோயின் தடயம் எதுவும் தென்படவில்லை. எல்லாருக்கும் சின்னக் கட்டி, நெறி இல்லாதவர்கள் என்பதை மறக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது அயோடின் இல்லாமலே விடுகிறோம். பாதித் தைராய்டை மட்டும் எடுப்பதும் கூடியிருக்கிறது. மேலூர் அக்காவுக்கு வந்த கால்சியம் தொல்லை அதில் அநேகமாக வராது. நாலு நெறி என்றால் கொடுப்பதில் தப்பில்லை.

தெற்குவாசல்

ஒரு நடுவழிக் கேள்வி. என் மதினிக்கு அடுத்த மாதம் அயோடின். இரண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். உப்புக்கு என்ன செய்தீர்கள்? கல்லுப்பு என்றால் சரிதானா?

வைகைக்கரை

கல்லுப்பு என்பதற்காக வாங்காதீர்கள். இப்போது கல்லுப்பு பாக்கெட்டிலும் அயோடின் சேர்த்து வருகிறது. தூத்துக்குடி உப்பளத்துப் பாக்கெட்டுகளில் அயோடின் சேர்க்காதது என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மீன், கருவாடு, இறால் கிடையாது. பால், தயிர், முட்டை மஞ்சள் கரு கிடையாது. பேக்கரி, ஹோட்டல் கிடையாது, அவர்கள் எந்த உப்புப் போடுகிறார்கள் என்று தெரியாதே. அரிசி, பருப்பு, காய்கறி, பழம் தாராளமாக. எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும்தான். முடிந்ததும் டாக்டர் சொன்ன நாளில் அயிரைமீன் குழம்பு.

முட்டைக்கோஸ் சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். தைராய்டே இல்லாதவர்களுக்குக் கோஸ் என்ன செய்யும்? சாப்பிடச் சொல்லுங்கள்.

மேலூர் அக்கா

அயோடினுக்கு முன்னால் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைக்கும் அந்த மூன்று நாலு வாரம்தான் கஷ்டம், அதற்கும் தயாராக இருக்கச் சொல்லுங்கள். குரல் தடிக்கும், முகம் வீங்கும், எதற்கெடுத்தாலும் அழுகை வரும். அப்போது மதினியிடம் யாரும் கணக்கு வழக்குப் பேச வேண்டாம், முக்கியமாக உங்கள் அண்ணன். நிறுத்தாமலே செய்ய ஒரு ஊசி இருக்கிறது, விலை அதிகம். எல்லா இடத்திலும் கிடைக்காது.

30 மில்லிகியூரிக்கு மேல் என்றால் தனி அறையில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லும் நாள் வரை சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளியே வைக்க வேண்டும்.

செல்லூர் தறிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் இங்கே எழுத முடியவில்லை, சேலை ஆர்டர் நெருக்கடி. நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டோம். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், படித்துவிட்டுச் சிரித்தார். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, துடிப்பு மட்டும் வேகம். டோஸைக் குறைத்திருக்கிறார். டி.எஸ்.எச். 0.1க்கு மேலே, 0.5க்குள் வைத்துக் கொஞ்ச காலம் பார்ப்போம், நெறி இருந்ததால் உடனே முழுக்க விட வேண்டாம், இப்படியே நல்ல ரிப்போர்ட் வந்துகொண்டிருந்தால் ஐந்து வருடம் போல ஆனதும் இன்னும் தளர்த்தலாம் என்றார். கால்சியம் சாதாரணம். அக்காவுக்குத் தனியாக நன்றி, அதை இதுவரை ஆபரேஷன் அன்று தவிர யாரும் பார்த்திருக்கவில்லை.

சிவப்பு மை, ரிப்போர்ட்டை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று லேப். இனி ஒன்றுதான்.

குழந்தை பற்றிக் கேட்டதற்குத் தடையில்லை என்றார். அயோடின் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றார். அதற்குள் அடுத்த டோக்கன் வந்துவிட்டது. கர்ப்பம் ஆனால் மாத்திரையை என்ன செய்வது? குழந்தைக்கு ஆகாது என்று அதை நிறுத்தச் சொல்லி வீட்டில் ஒரு கூட்டம் கிளம்பும், இப்போதே தெரிகிறது.

ராத்திரி டூட்டி

நிறுத்தவே கூடாது அண்ணே. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான். கர்ப்பத்தில் தேவை கூடும், பலருக்குக் கால் பங்கு முதல் பாதி வரை. நாள் தள்ளிப்போய் டெஸ்ட் உறுதியானதுமே, மகப்பேறு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல், மாத்திரை எழுதிய டாக்டருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். எவ்வளவு கூட்டுவது என்று இப்போதே அவரிடம் கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. பாதிக் காலம் தாண்டும் வரை நாலு வாரத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்கு வந்துவிடலாம். இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுப்பார்கள், அதை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

மேலூர் அக்கா

மாமியாரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன் தம்பி. நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.